அறுபது நிமிடம், முப்பது லட்சம் யென்: ஜப்பானின் பிங்க் சினிமாவைப் பார்க்கும் முறை

பெயர்பெற்ற ஜப்பானிய இயக்குநர் ஒருவரின் படப் பட்டியலை அதன் தொடக்க ஆண்டுகள் வரை தேடிப் போகிற ரசிகர், அங்கே திடுக்கிட்டு நிற்க நேர்வதுண்டு. ‘டிபார்ச்சர்ஸ்’ படத்துக்காக 2009-இல் சிறந்த வெளிநாட்டுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற யோஜிரோ தகிதா, ரயில் நெரிசலில் பெண்களைச் சீண்டும் ஆண்களைப் பற்றிய மலிவு விலைப் படவரிசை ஒன்றை எடுத்துத்தான் தொழில் பழகினார். திகில் படங்களால் உலகெங்கும் அறியப்பட்ட கியோஷி குரோசாவா 1983-இலும், ‘ஷால் வி டான்ஸ்’ எடுத்த மசயுகி சுவோ 1984-இலும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அந்த வாசலின் பெயர் பிங்க் சினிமா; ஜப்பானியர் ‘பிங்கு எய்கா’ என்பார்கள். வயதுவந்தோருக்கென்றே, சிறு நிறுவனங்கள் சொற்பப் பணத்தில் எடுத்து, அதற்கென்றே உள்ள அரங்குகளில் திரையிட்ட படங்கள் இவை. இவற்றுக்குத் தனி விருதும், தனி விமர்சன மரபும் உண்டு. அவற்றுள் விருது பெற்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எப்படிப் பார்ப்பது, இதில் எதைப் பாராட்டினார்கள் என்று விளங்காமல் இருக்கும் வாசகருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இது உரியதன்று.

ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். நம் ஊரில் ‘பிட்டுப் படம்’ என்று சொல்லும்போது, ஏதோ ஒரு கதையின் நடுவே, அதற்குச் சம்பந்தமில்லாத துண்டுப் படச்சுருளை அரங்கக்காரர் ஒட்டி ஓட்டுவதைத்தான் நினைக்கிறோம். பிங்க் படத்தில் அப்படி வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. படுக்கையறைக் காட்சிகள் திரைக்கதையிலேயே எழுதப்பட்டவை; நடிப்பால் உண்டாக்கப்பட்டவை; தணிக்கைக்குப் போய்ச் சான்று வாங்கியவை. எண்பதுகளில் பரவிய ஆபாச வீடியோத் தொழில் வேறு, அரங்குக்காகப் படச்சுருளில் எடுக்கப்பட்ட இந்தத் தொழில் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு உட்காருபவருக்கு, அவர் எதைத் தேடி வந்திருந்தாலும், ஏமாற்றம்தான் கிடைக்கும்.

இனி வேலைக்கு வருவோம். படத்தைத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வையுங்கள். படத்தின் நீளம் ஏறத்தாழ 60 நிமிடம். செலவு, நெடுங்காலமாக, சுமார் 30 லட்சம் யென். படப்பிடிப்பு மூன்று முதல் ஐந்து நாள். மற்ற எல்லாமே இந்த மூன்றிலிருந்து கிளைப்பவை என்பதால், இவற்றை மறந்துவிட்டு எந்தப் பிங்க் படத்தையும் மதிப்பிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிமிடப் படத்துக்கு 50,000 யென் என்று வகுத்துப் பாருங்கள். நடிகர் சம்பளம், கருவி வாடகை, வண்டி, சோறு, சுருள், அச்சு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே நடிகர் ஒரு வசனத்தில் தடுமாறினால் அதை மறுபடி எடுப்பது என்பது நாளைய காட்சியின் சுருளை இன்றே தின்பதாகும். நீண்ட ஒற்றை ஓட்டத்தில் ஒரு காட்சி முழுவதும் முடிந்துவிடுவதைப் பார்க்கும்போது, அது இயக்குநரின் அழகியல் தேர்வா, மாலைக்குள் வீட்டுக்காரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசரமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பிங்க் படத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அவசரமே அழகியலாகிவிட்டிருக்கும்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். பெரும்பாலான பிங்க் படங்களில் படப்பிடிப்புத் தளத்தில் ஒலி பதிவாகவில்லை. ஊமையாக எடுத்துவிட்டு, பின்னர் ஒலிக்கூடத்தில் நடிகர்களை உட்காரவைத்துக் குரல் சேர்த்தார்கள். டப்பிங்கில் ஊறிய தமிழ்க் காதுகளுக்கு இது புதிதல்ல என்றாலும், இங்கே அதற்கான நேரமும் மிகக் குறைவு. தெருவில் நடக்கும் காட்சியில் தெருவின் இரைச்சல் இருக்காது. காலடியும் கதவும் மட்டும் தனித்துக் கேட்கும். முதன்முறை கேட்பவருக்கு இது குறையாகத் தோன்றும். கொஞ்ச நேரத்தில், பாத்திரங்கள் எல்லோரும் ஏதோ ஒரு கனவுக்குள் பேசிக்கொண்டிருப்பது போன்ற உணர்வை அதுவே தருவதைக் கவனிக்கலாம். கைதேர்ந்த இயக்குநர்கள் அதைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள்.

நிறத்துக்கும் இதே கதைதான். அறுபதுகளின் பிங்க் படம் எதையாவது பார்க்க வாய்த்தால், கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென வண்ணத்துக்கு மாறுவதைக் காண்பீர்கள். ‘பார்ட் கலர்’ என்று ஜப்பானியர் சொன்ன இந்த முறையில், விலை கூடிய வண்ணச் சுருளைப் படுக்கையறைக் காட்சிகளுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். வியாபாரக் கணக்கு அவ்வளவே. ஆனால் கோஜி வகமட்சு 1969-இல் ஏறத்தாழ முழுவதையும் ஒரு மொட்டைமாடியிலேயே வைத்து எடுத்த படத்தில், வண்ணம் இன்பத்தின் பக்கம் வராமல் வன்முறையின் நினைவோடும் இரத்தத்தோடும் சேர்ந்து வருகிறது. எதற்காகக் காசு கொடுத்தார்களோ அதையே பார்வையாளர் முகத்தில் திருப்பி எறியும் செயல் அது. படத்தில் வண்ணம் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால் போதும், இயக்குநருக்கும் முதலாளிக்கும் இடையில் நடந்த இழுபறி முழுவதும் தெரிந்துவிடும்.

இனி விதிகள். ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 175-ஆவது பிரிவு ஆபாசப் பொருள்களின் விநியோகத்தைக் குற்றமாக்குகிறது. 1949-இல் தொடங்கப்பட்ட ‘எய்ரின்’ என்ற திரைத்துறையின் சொந்தத் தணிக்கை அமைப்பு, காவல்துறை வாசலில் வந்து நிற்காதபடி முன்கூட்டியே படங்களைச் சரிபார்த்தது. பிறப்புறுப்பைக் காட்டக் கூடாது என்பது உடையாத விதி. நடிகர்கள் ‘மாயெபாரி’ என்னும் ஒட்டுத்துணியை முன்புறம் ஒட்டிக்கொண்டே நடித்தார்கள். பிற்பாடு கட்டம்கட்டி மங்கலாக்கும் வழியும் இருந்தது. ஆயினும் திறமையுள்ள ஒளிப்பதிவாளர் அதை வெறுத்தார். மேசை விளக்கையோ பூச்சாடியையோ, போர்வையின் ஓரத்தையோ சரியான இடத்தில் வைத்து, மறைப்பதை மறைப்பாகத் தெரியாமல் செய்துவிடுவதையே அவர் தொழில்நேர்த்தியாகக் கருதினார். எனவே இத்தகைய காட்சிகளில் உங்கள் கவனத்தை உடல்களிலிருந்து சற்று விலக்கி, சட்டகத்தின் முன்புறத்தில் என்ன பொருள் நிற்கிறது, கேமரா எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது, எப்போது முகத்துக்குப் போகிறது என்று பாருங்கள். தொழிலில் இந்தக் காட்சிகளுக்கு ‘கராமி’ என்று பெயர். பின்னிப்பிணைதல் என்று பொருள்படும் சொல். பொதுவாக ஒரு படத்துக்கு மூன்று நடிகைகள், குறிப்பிட்ட இடைவெளியில் சில கராமிகள் என்பது விநியோகஸ்தர் எதிர்பார்த்த அளவு. அதைக் கொடுத்துவிட்டால் மீதியில் என்ன செய்தாலும் கேட்பவர் இல்லை என்பதுதான், வேலைக்கு வழியற்றிருந்த இளைஞர்களை இத்தொழிலை நோக்கி இழுத்த சுதந்திரம்.

வேலைக்கு வழியற்றுப் போனதற்குக் காரணம் உண்டு. 1958-இல் ஜப்பானியத் திரையரங்குகளில் 112 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்த பிறகு, 1965-இல் அது சுமார் 37 கோடியாகச் சரிந்தது. பெரிய ஸ்டூடியோக்கள் உதவி இயக்குநர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டன. 1961-இல் ஷின்டோஹோ என்ற ஸ்டூடியோவே திவாலானது. அதன் தலைவராக இருந்து விலகிய மிட்சுகு ஓகுரா தொடங்கிய நிறுவனம், 1962-இல் வெளியிட்ட சதோரு கோபயாஷியின் ‘சதைச் சந்தை’ என்ற படத்தைத்தான் பிங்க் சினிமாவின் முதற்படமாக வழக்கமாகச் சொல்கிறார்கள். அதைக் காவல்துறை கைப்பற்றியதால் கிடைத்த விளம்பரம், எந்த நாளிதழ் விளம்பரத்தாலும் கிடைக்காதது.

தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் இங்கேதான் இடறுகிறார்கள். ஒரே பிங்க் படத்துக்கு இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு பெயர்கள் இருக்கும். இயக்குநரும் எழுத்தாளரும் திரைக்கதையில் வைத்த பெயர் ஒன்று. வாசலில் ஒட்ட விநியோகஸ்தர் சூட்டிய பெயர் இன்னொன்று. அது வேண்டுமென்றே கொச்சையாக இருக்கும், கதையோடு அதற்கு உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. வட்டாக வெளிவரும்போதோ விழாவுக்குப் போகும்போதோ மூன்றாவதாக ஒன்று வரும். மிட்சுரு மெய்கே 2003-இல் எடுத்த படம், வாசலில் வீட்டு ஆசிரியை ஒருத்தியைப் பற்றிய ஆபாசத் தலைப்போடு வெளியானது. பின்னர் கூடுதல் காட்சிகள் சேர்த்து, 90 நிமிட அளவில், ‘சச்சிகோ ஹனாயின் எழில்மிகு வாழ்க்கை’ என்னும் பொருள்தரும் தலைப்போடு வெளிநாடுகளுக்குப் போனது. நெற்றியில் பாய்ந்த குண்டு மூளைக்குள்ளேயே தங்கிவிட, அதனால் மேதையாகிவிடும் ஒரு பெண்ணின் கையில், அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் விரலின் நகல் ஒன்று வந்து சேருகிறது என்பது கதை. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், வேறு எந்தத் தயாரிப்பாளரும் இந்தக் கதைக்குப் பணம் போட்டிருப்பாரா என்பது ஐயமே. ஆகவே தலைப்பைக் கொண்டு தேடாமல் இயக்குநர் பெயர், ஆண்டு, நடிகை பெயர் என்ற மூன்றையும் வைத்துத் தேடுங்கள்; கிடைத்த பிரதியின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓகுரா நிறுவனம் 2015 முதல் சில படங்களை இரண்டு வடிவங்களில் வெளியிடுகிறது: பிங்க் அரங்குகளுக்குப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான ஒரு வடிவம், பொது அரங்குகளுக்குப் பதினைந்து வயது வரம்போடு இன்னொரு வடிவம். நீங்கள் பார்ப்பது எது என்று தெரியாமல் கருத்துச் சொல்லக் கூடாது.

விருதுக்கு வருகிறேன். ‘பிங்க் தைஷோ’ என்ற ஆண்டு விருதை வழங்கியவை அரசோ, ஸ்டூடியோக்களின் சங்கமோ அல்ல. அதை நடத்தியது இத்துறைக்கென்றே வெளிவந்த ஒரு சிறு இதழ், வாக்களித்தவர்கள் ரசிகர்கள். அந்தப் படங்களைப் பிங்க் அரங்குகளில், மூன்று படம் ஒரே சீட்டுக்கு என்ற கணக்கில், மற்றவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது விழித்திருந்து பார்த்தவர்களின் தீர்ப்பு என்று அதைக் கொள்ளலாம். எனவே இங்கே முதலிடம் பெற்ற படத்தில், ஒரு பொது விழாவின் நடுவர் குழு தேடக்கூடிய பெரிய கருத்தையோ பளபளப்பையோ எதிர்பார்க்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே அளவுப் பணமும் நாளும் கொடுக்கப்பட்டிருக்கும் பந்தயத்தில், யார் அதைக் கொண்டு அதிக தூரம் போனார் என்பதையே அந்த வாக்குகள் அளந்தன.

எடுத்துக்காட்டாக ஷின்ஜி இமாஓகா இயக்கி, 2004-இல் வெளியாகி, அவ்விருதின் சிறந்த படமாகத் தேர்வான ‘தமாமோனோ’வை எடுத்துக்கொள்ளலாம். யுமிகா ஹயாஷி என்ற நடிகை அதன் நாயகி. அடுத்த ஆண்டே, தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளை ஒட்டி, அவர் காலமானார். கதையில் அவர் ஏற்ற பெண் பேசுவதில்லை. தன்னைவிட இளையவனான காதலனுக்கு மதிய உணவுப் பெட்டி கட்டிக் கொடுப்பதுதான் அவள் மொழி. மேலே எழுதிய மூன்று எண்களை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரலை ஒலிக்கூடத்தில் அவசரமாகச் சேர்க்கும் தொழிலில், குரலே இல்லாத நாயகியைப் படைப்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஆனால் அந்தச் சிக்கனம் அத்தோடு நிற்கவில்லை. பேச்சு இல்லாததால் அவள் முகத்தை நாம் நெடுநேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. சோறும் கறியும் பெட்டிக்குள் அடுக்கப்படும் விதத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கராமிக் காட்சிகள் வரும்போது, அவை அவளுடைய பேச்சின் தொடர்ச்சியாகவே வருகின்றன. எடுத்துவிட்டால் கதை ஊனப்பட்டுப்போகும். எந்தப் பிங்க் படத்துக்கும் இதுவே நல்ல சோதனை: அந்தக் காட்சிகளை மனத்தால் வெட்டிவிட்டுக் கதையை மறுபடி சொல்லிப் பாருங்கள். ஒன்றும் குறையாவிட்டால் அது விதிக்காகச் சேர்த்தது. கதை தடுமாறினால் இயக்குநர் விதியை வென்றிருக்கிறார். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தோற்றவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இமாஓகாவின் போக்கு பிடித்துப்போனால், 2011-இல் அவர் எடுத்த கப்பா படத்தையும் தேடலாம். ஆமை ஓடும் அலகுமாக நீரில் வாழும் ஜப்பானிய நாட்டார் உயிரினமான கப்பா, காதலிக்கவும் பாடவும் செய்யும் இசைப் பிங்க் படம் அது. வோங் கார்-வாயின் படங்களால் புகழ்பெற்ற கிறிஸ்டோபர் டாயில் ஒளிப்பதிவு செய்தார். கப்பாவின் உடுப்பு மலிவானது என்பது பார்த்தவுடனே தெரியும். அதை ஒளிக்க யாரும் முயலவில்லை என்பதுதான் படத்தின் இனிமை.

எல்லாமே இனிமை என்று சொல்லி உங்களை அனுப்பிவிட முடியாது. பிங்க் சினிமாவின் பெரும்பகுதி பெண்ணின் சம்மதத்தைப் பொருட்படுத்தாதது. வன்புணர்வை வேடிக்கையாகவோ, முடிவில் அவளே விரும்பிவிடுவதாகவோ காட்டும் கதைகள் ஏராளம். ரயில் சீண்டல் என்பது ஜப்பானியப் பெண்கள் அன்றாடம் அனுபவித்த கொடுமையாக இருக்க, அதைச் சிரிப்புக்குரிய பொருளாக்கிய படவரிசையை, பின்னாளில் ஆஸ்கர் வாங்கியவர் எடுத்தார் என்பதற்காக மன்னித்துவிட வேண்டியதில்லை. வகமட்சுவின் அறுபதுகளின் படங்களை அரசியல் சீற்றம் என்று போற்றுவோர் உண்டு. அவரது படம் ஒன்று 1965-இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டபோது, ‘நாட்டுக்கு அவமானம்’ என்று ஜப்பானியப் பத்திரிகைகள் கொதித்ததும் உண்மை. அந்தச் சீற்றம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடல்மீதுதான் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பார்க்குமுன் கதைச்சுருக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. நண்பர்களோடு பார்ப்பதாக இருந்தால், என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுவது கட்டாயம்.

இதற்குள்ளிருந்தே எதிர்க்குரல்களும் எழுந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட பிங்க் படங்களை இயக்கிய சச்சி ஹமானோ என்ற பெண் இயக்குநர், பெண்ணின் விருப்பத்தைப் பெண்ணின் பக்கமிருந்து காட்டுவேன் என்று சொல்லியே சொந்த நிறுவனம் தொடங்கினார். நடிகையாக வந்து இயக்குநரான யுமி யோஷியுகியும் உண்டு. எண்ணூறு விருந்தினர் கூடிய கூடத்தில் யாரோ இருவரைத் தேடுவதுபோல் இவர்களைத் தேட வேண்டியிருக்கும், தேடுங்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை, கால வரிசையை விட்டுவிடுவது. முதலில், குடும்பக் கதைகளுக்குப் பெயர்பெற்ற பழம்பெரும் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ஏதாவது ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே சுவோவின் 1984-ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். தரையை ஒட்டிய கேமரா, நேராக நம்மைப் பார்த்துப் பேசும் முகங்கள் என ஓசுவின் இலக்கணம் முழுவதும் அங்கே ஒரு பிங்க் படத்துக்குள் குடியேறியிருக்கும். வாய்விட்டுச் சிரிக்கலாம். அதன்பின் ‘தமாமோனோ’. பிறகு தொண்ணூறுகளில் ‘நான்கு தேவராஜர்கள்’ என்று அழைக்கப்பட்ட ஹிசயாசு சாட்டோ, தொஷிகி சாட்டோ, கசுஹிரோ சானோ, தகாஹிசா ஜெஜே ஆகியோரில் ஒருவர். இவர்களின் படங்கள் இருண்டவை. கிளர்ச்சியைத் தேடி வந்த வாடிக்கையாளர் முகம் சுளித்து எழுந்து போகக்கூடியவை. அறுபதுகளின் வகமட்சுவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் கண் பழகியிருக்கும்.

இந்த வரிசையில் நிக்காட்சு நிறுவனத்தின் ‘ரோமன் போர்னோ’ படங்களைச் சேர்க்காதது வேண்டுமென்றே. 1971 முதல் 1988 வரை வந்த அவை, ஒரு பெரிய ஸ்டூடியோ தன் அரங்க அமைப்புகளையும் சம்பளத் தொழிலாளர்களையும் வைத்து, பிங்க் படத்தைவிடக் கூடுதல் பணத்தில் எடுத்தவை. பார்த்தாலே அந்தச் செழிப்பு தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், 2016-இல் அதே நிறுவனம் பழைய விதிகளை மறுபடி விதித்து ஐந்து இயக்குநர்களிடம் கொடுத்த படங்களில், லொகார்னோ விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன அகிஹிகோ ஷியோடாவின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரப் படப்பிடிப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு கராமி, எண்பது நிமிடத்துக்குள் முடிவு என்பவையே அவர்களுக்குத் தரப்பட்ட நிபந்தனைகள். தாளில் எழுதி வைத்த மூன்று எண்களுக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதிக்கொண்டு படத்தைத் தொடங்குங்கள்.